பாய்மரப் படகுப் பந்தயத்தில் ஏமாற்றினால் எது நியாயமான தண்டனை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2013 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த 34ஆவது அமெரிக்கா கோப்பை பற்றி யாரோடு பேச ஆரம்பித்தாலும், பேச்சு கடைசியில் அந்த இரண்டு புள்ளிகளில்தான் வந்து நிற்கிறது. கோப்பையைக் கையில் வைத்திருந்த ஆரக்கிள் அணிக்கும் சவால் விட்டு வந்த நியூசிலாந்து அணிக்கும் நடந்த பந்தயம் தொடங்கும் முன்பே, ஆரக்கிளிடமிருந்து நடுவர் குழுவான ஜூரி கழித்த புள்ளிகள் அவை. அதிகம் என்பார்கள் சிலர், போதவே போதாது என்பார்கள் சிலர். அதையொட்டி வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததையும் நான் நம்புவதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

2013இல் என்னதான் நடந்தது?

அமெரிக்கா கோப்பையின் இறுதிப் போட்டி ஏசி72 என்ற பெரிய கேட்டமரான் (இரட்டை உடல்) படகுகளில் நடந்தது. அதற்கு முன்னோட்டமாக ஏசி45 என்ற சின்னப் படகுகளில் 'வேர்ல்ட் சீரிஸ்' பல ஊர்களில் நடந்தது. இந்த ஏசி45 படகுகள் எல்லா அணிக்கும் ஒரே அச்சு. அளவை அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அப்போதுதான் ஜெயிப்பது படகா ஓட்டுபவரா என்ற சந்தேகம் வராது.

2013 ஜூலை கடைசியில் ஆரக்கிள் அணி பராமரித்த படகு ஒன்றின் முன்பக்கத்தில் இருக்கும் கிங் போஸ்ட் என்ற சிறு தூணுக்குள் ஈயமும் ரெசினும் அடைத்த ஒரு பை கிடைத்தது. எடை சுமார் 2.3 கிலோ. விசாரித்தால் அந்த அணியின் மற்ற ஏசி45 படகுகளிலும் கை வைத்திருந்தது தெரிந்தது. அணி தானாகவே முன்வந்து நான்கு ரெகாட்டாக்களின் (பல ரேஸ்கள் சேர்ந்த போட்டிகள்) முடிவுகளிலிருந்து விலகிக்கொண்டது. ஆனால் ஜூரி அதோடு விடவில்லை. செப்டம்பர் 3 அன்று, அதாவது இறுதிப் போட்டிக்கு நான்கே நாள் முன்பு, தீர்ப்பு வந்தது: இறுதிப் போட்டியில் 2 புள்ளி கழிவு, 2,50,000 டாலர் அபராதம், விங் டிரிம்மர் (விங் என்ற விறைப்பான பெரிய பாயைச் சரிசெய்பவர்) டிர்க் டி ரிடர் இந்தக் கோப்பையிலிருந்தே வெளியே, கரைப் பணியாளர்கள் இருவரும் வெளியே, படகோட்டி ஒருவருக்கு முதல் நான்கு ரேஸ்களுக்குத் தடை.

ரெண்டு கிலோ ஈயத்துக்கா இத்தனையும்? படகே ஒரு டன்னுக்கு மேல் இருக்குமே?

இருக்கும். அந்த எடையால் படகு வேகம் கூடியிருக்காது என்று அணி தரப்பில் சொன்னார்கள், அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எடை முக்கியமில்லை என்றால் அதை ஏன் தூணுக்குள் ஒளித்து வைக்க வேண்டும்? யாரோ ஒருவர் நேரம் செலவழித்து, ஈயத்தை வெட்டி, பையில் அடைத்து, வெளியே தெரியாதபடி உள்ளே வைத்திருக்கிறார். பயன் இருக்கும் என்று நம்பித்தானே வைத்திருப்பார். கிடைத்த பலனை மட்டும் வைத்துத் தண்டனையை அளந்தால், சரியாக ஏமாற்றத் தெரியாதவனுக்குச் சலுகை கொடுத்த மாதிரி ஆகிவிடும். நோக்கத்தையும் எடை போட வேண்டும், அதுவும் ஒரே அச்சுப் படகுகள் என்று வாக்குக் கொடுத்து நடத்தும் போட்டியில் கட்டாயம் போட வேண்டும்.

சாதாரணமாக விதி மீறினால் என்ன தண்டனை?

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். பெரும்பாலான மீறலுக்குத் தண்டனையைப் படகோட்டியே தனக்குக் கொடுத்துக்கொள்கிறார். வழி விட வேண்டிய படகுக்கு வழி விடவில்லையா, சற்று விலகிப் போய் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டுத் தொடரலாம். பாதையைக் குறிக்கும் மிதவையில் உரசிவிட்டால் ஒரு சுற்று. யாரும் பார்க்காவிட்டாலும் சுற்ற வேண்டும். விதிப் புத்தகம் தொடங்கும் இடத்திலேயே, தவறு செய்தால் உடனே தண்டனையை ஏற்றுக்கொள் என்ற அடிப்படைக் கொள்கை இருக்கிறது.

பலர் கவனிக்காத ஒரு வரியும் உண்டு. மீறியதால் படகுக்குக் கணிசமான லாபம் கிடைத்துவிட்டால், அல்லது அடுத்த படகுக்குப் பெரிய சேதமோ ஆளுக்குக் காயமோ ஏற்பட்டால், சுற்றினால் மட்டும் போதாது, அந்த ரேஸிலிருந்தே விலக வேண்டும். சுற்றுவதால் இழப்பது சில நொடிகள், மீறியதால் கிடைத்ததோ நூறு மீட்டர் என்றால் சுற்றுவதற்கு அர்த்தமே இல்லையே. லாபத்தை விடத் தண்டனை எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை விதி எழுதியவர்கள் நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, ரெகாட்டாக்களில் பொதுவாக மோசமான ஒரு ரேஸின் முடிவை மொத்தக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். ஆனால் நியாயமற்ற முறையில் ஓட்டியதற்காகத் தகுதி நீக்கம் ஆனால் அதைக் கழிக்கவே முடியாதபடி தீர்ப்பு வரலாம், அப்படி வந்தால் கடைசி வரை கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

தவறுக்கும் ஏமாற்றுக்கும் கோடு எங்கே?

2018 ரூட் டு ரம் பந்தயத்தைப் பாருங்கள். பிரான்ஸின் செயின்ட் மாலோவிலிருந்து கரீபியன் கடலில் உள்ள குவாடலூப் வரை தனி ஆளாக ஓட்டும் பந்தயம். இமோகா என்ற படகு வகுப்பில் அலெக்ஸ் தாம்சன் முன்னணியில் வந்துகொண்டிருந்தார், முடிவுக் கோடு பக்கத்தில். அசந்து தூங்கிவிட்டார், படகு குவாடலூப் பாறைகளில் போய் மோதியது. என்ஜினைப் போட்டுத்தான் படகைப் பாறையிலிருந்து விலக்க முடிந்தது. பந்தயத்தில் என்ஜினைப் பயன்படுத்தக்கூடாது என்று அதற்கு முத்திரை வைத்திருப்பார்கள், அந்த முத்திரையை உடைத்ததை அவரே தெரிவித்தார். முதலில் கோட்டைத் தாண்டியதும் அவர்தான், ஆனால் ஜூரி 24 மணி நேரம் கூட்டியது. பால் மெய்லாட் ஜெயித்தார், தாம்சன் மூன்றாவது.

விதியை மீறியது உண்மை, அதனால் அவருக்கு வெற்றியே போனது. ஆனால் அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. மறைக்கவில்லை. மறைப்பதும் மறைக்காததும்தான் கோடு என்பது என் கருத்து. தவறு செய்தவருக்கு நேரத்திலோ புள்ளியிலோ கணக்குத் தீர்க்கலாம். மறைத்தவருக்கு அதற்கு மேலும் வேண்டும், ஏனென்றால் நடுக்கடலில் ஒவ்வொரு படகிலும் அம்பயர் உட்கார முடியாது, ஓட்டுபவர் சொல்வதை நம்பித்தான் இந்த விளையாட்டே நடக்கிறது.

சரி, அந்த 2 புள்ளி நியாயமா இல்லையா?

நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எதிர்த் தரப்பின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், அது லேசான வாதம் இல்லை. தவறு நடந்தது ஏசி45 படகில், தண்டனை ஏசி72 பந்தயத்தில். அந்தப் பெரிய படகில் எந்தக் கள்ளத்தனமும் இல்லை. அப்படியிருக்க, ஒரு போட்டியில் செய்ததற்கு வேறு போட்டியில் ஏன் புள்ளி பறிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

என் பதில், இரண்டும் வேறு வேறு போட்டி இல்லை. வேர்ல்ட் சீரிஸ் 34ஆவது அமெரிக்கா கோப்பையின் ஒரு பகுதி. அதே ஏற்பாடு, அதே ஜூரி, அதே அணிகள். ஏசி45 முடிவுகளை விட்டுக்கொடுத்ததில் ஆரக்கிளுக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. நடந்து முடிந்த ரெகாட்டா, அதன் கோப்பைக்காக யாரும் அந்த அணியை நடத்தவில்லை. அவர்களுக்கு வலிக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், அது இறுதிப் போட்டி. அங்கே கை வைக்காத எந்தத் தண்டனையும் வெறும் காகிதம்.

அது எவ்வளவு பெரிய தண்டனை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். முதலில் 9 புள்ளி எடுப்பவருக்குக் கோப்பை. நியூசிலாந்து 9 ரேஸ் ஜெயித்தால் போதும், ஆரக்கிள் 11 ஜெயிக்க வேண்டும். செப்டம்பர் 18 அன்று பலகையில் 8-1. நியூசிலாந்துக்கு இன்னும் ஒரே ஒரு ரேஸ். அந்த 1 என்பது உண்மையில் மூன்று வெற்றி, இரண்டு கழிந்து போய்விட்டது. அதன் பிறகு ஆரக்கிள் வரிசையாக எட்டு ரேஸ் ஜெயித்து, செப்டம்பர் 25 அன்று 9-8 என்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. ஓட்டிய 19 ரேஸில் அவர்கள் ஜெயித்தவை 11.

இதில் நடுவில் ஒரு நாள் காற்று செத்துப்போன ரேஸில் நியூசிலாந்து வெகு தூரம் முன்னால் இருந்தது, ஆனால் 40 நிமிட நேர வரம்புக்குள் முடிக்க முடியாததால் ரேஸே ரத்தானது. நியூசிலாந்து ரசிகர்களுக்கு அது இன்னும் ஆறவில்லை, ஆறவும் ஆறாது. ஆனால் அதற்கும் தண்டனைக்கும் சம்பந்தமில்லை.

ஏமாற்றியும் கடைசியில் ஜெயித்துவிட்டார்களே, அப்போது தண்டனை தோற்றுவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. தண்டனையின் வேலை அவர்களைத் தோற்கடிப்பது அல்ல. எடுத்த லாபத்தைத் திருப்பி எடுத்து, அதற்கு மேல் ஒரு சுமையையும் ஏற்றி, அந்தச் சுமையோடு ஓடு என்று விடுவதுதான். அந்தச் சுமையோடு ஓடி ஜெயித்தார்கள். டி ரிடருக்குப் பதிலாக இளம் ஆஸ்திரேலியர் கைல் லாங்ஃபோர்டு விங்கைப் பிடித்தார், பாதியில் பென் எய்ன்ஸ்லி வியூகம் வகுப்பவராக உள்ளே வந்தார், படகில் மாற்றங்கள் செய்தார்கள், அதெல்லாம் வெளிப்படையாகச் செய்தது. மூன்று புள்ளி கழித்திருந்தால் அன்று 8-8, இன்னொரு ரேஸ் நடந்திருக்கும். அதிலும் யார் ஜெயித்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகத் தண்டனையின் அளவைப் பின்னாலிருந்து மாற்றிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

அணியையே போட்டியிலிருந்து தள்ளியிருக்கலாமே?

சவால் விட்டு வந்த அணியாக இருந்தால் அதற்கும் வழி இருந்தது. ஆரக்கிள் கோப்பையை வைத்திருந்த அணி. அவர்களைத் தள்ளினால் போட்டியே கிடையாது, நியூசிலாந்து யாரோடு ஓட்டும்? பல ஆண்டு உழைத்து, தகுதிச் சுற்றையெல்லாம் ஜெயித்து வந்த நியூசிலாந்து படகுத் தலைவர் டீன் பார்க்கரும் அவர் அணியும் கரையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டு போவதை அவர்களே விரும்பியிருப்பார்களா என்பது சந்தேகம். பந்தயம் நடக்கவும் வேண்டும், தண்டனை உறைக்கவும் வேண்டும் என்றால் புள்ளிக் கழிவுதான் வழி.

அபராதம் மட்டும் போட்டால் போதாதா?

போதாது. அணியின் உரிமையாளர் லாரி எலிசன், உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். இரண்டரை லட்சம் டாலர் அந்த அணியின் செலவுக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. பணம் மட்டுமே தண்டனை என்றால் விதியை மீறுவதற்கு ஒரு விலை நிர்ணயித்ததாகத்தான் ஆகும், வசதி உள்ளவர் வாங்கிக்கொள்வார். அதே தொகை சின்ன அணி ஒன்றை மூடியே விடும். புள்ளி அப்படி இல்லை, எல்லோருக்கும் ஒரே கனம்.

டி ரிடருக்கு நடந்தது நியாயமா?

இங்கேதான் எனக்கு உறுத்தல். எடை சேர்க்கப்பட்டதற்குப் பின்னால் அவர் இருந்தார் என்பது ஜூரியின் முடிவு, அதை அவர் ஏற்கவில்லை. கோப்பையிலிருந்து விலக்கியதோடு நிற்காமல், அப்போதைய சர்வதேசப் படகோட்டுச் சம்மேளனம் தனியாக 5 ஆண்டு தடை போட்டது. மேல்முறையீட்டில் 3 ஆண்டானது. அவர் விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போனார், அங்கே 18 மாதமாகக் குறைந்தது.

ஐந்து ஆண்டு எங்கே, ஒன்றரை ஆண்டு எங்கே! ஒரே சாட்சியங்கள், ஒரே மனிதர். மூன்று இடத்தில் மூன்று அளவு என்றால் அளவுகோலே இல்லை என்றுதான் பொருள். தொழில்முறைப் படகோட்டிக்கு ஐந்து ஆண்டு தடை என்பது சோற்றில் கை வைப்பது. நடுவில் ஐந்து ஆண்டு உட்கார்ந்துவிட்டால் பெரிய படகுகளில் இடம் கிடைப்பது கஷ்டம். 18 மாதம் சரியான அளவு என்று நினைக்கிறேன், ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். எந்த மீறலுக்குக் குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் இந்த இழுபறிக்கே இடமில்லை.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2018 கேப் டவுன் டெஸ்டில் பந்தைத் தேய்த்த விவகாரத்தில் ஐசிசி ஸ்டீவ் ஸ்மித்துக்குக் கொடுத்தது ஒரு டெஸ்ட் தடை, ஆஸ்திரேலிய வாரியம் கொடுத்தது ஓராண்டு. யார் தண்டிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அளவு மாறினால் தண்டனை மேலேயே நம்பிக்கை போய்விடும்.

மேலே இருப்பவர்கள் 'எங்களுக்குத் தெரியாது' என்றால் விட்டுவிடலாமா?

நிர்வாகத்துக்கும் ஸ்கிப்பர்கள் எனும் படகுத் தலைவர்களுக்கும் தெரியாமல் நடந்தது என்றுதான் ஆரக்கிளும் சொன்னது. தெரியாமலே இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனாலும் அணிக்கும் தண்டனை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படகு யாருடையது? ஜெயித்தால் மேடை ஏறுவது யார்? பட்டறையில் நிற்பவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர், மேலிருந்து வரும் அழுத்தத்தை அவர் தாங்கிக்கொள்கிறார். அவரை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு அணி சுத்தமாக நடந்துபோக முடியும் என்றால், அடுத்த அணி செய்யும் முதல் வேலை எதுவும் மேலே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான். அணியிடமே புள்ளி பறிபோகும் என்ற பயம் இருந்தால்தான் மேலாளர்கள் கீழே இறங்கிப் போய்ப் படகைப் பார்ப்பார்கள். அந்த ஜூரி தீர்ப்பில் எனக்குப் பிடித்த பகுதியே ஆளையும் அணியையும் ஒன்றாகத் தொட்டதுதான்.

குற்றச்சாட்டு பொய்யாக இருந்தால்?

அதற்கும் சமீபத்திய உதாரணம் இருக்கிறது. வோந்தே குளோப் பந்தயத்தில் தனி ஆளாக, நிற்காமல், யார் உதவியும் இல்லாமல் உலகைச் சுற்ற வேண்டும். கரையிலிருந்து யாரும் வானிலையை வைத்து வழி சொல்லக்கூடாது. 2020-21 பந்தயத்தில் கிளாரிஸ் க்ரேமருக்கு அவர் கணவர், அவரும் படகோட்டிதான், வாட்ஸ்அப்பில் அப்படி உதவினார் என்று 2024 தொடக்கத்தில் புகார் கிளம்பியது. ஆதாரம், பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து வந்த ஸ்கிரீன்ஷாட்கள். விசாரித்த சர்வதேச ஜூரி இருவர் மேலும் தவறில்லை என்று விடுவித்தது.

ஆனால் விசாரணை முடிவதற்குள் பத்திரிகையெல்லாம் அவர் பெயர் ஓடிவிட்டது, அவர் அணியின் வேலையும் நின்றுபோனது, அடுத்த வோந்தே குளோபுக்குத் தகுதி பெற வேண்டிய நேரத்தில். தீர்ப்புக்கு முன்பே தண்டனை. விசாரணை ரகசியமாகவும் வேகமாகவும் நடக்க வேண்டும், தீர்ப்பு மட்டும் எல்லோருக்கும் தெரியும்படி வர வேண்டும். புகார் கொடுப்பவரின் பெயர் ஜூரிக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்வேன்.

ஏமாற்றினால் உண்மையில் பாதிக்கப்படுவது யார்? எதிரணிக்கு ஒரு கோப்பை பறிபோகிறது, அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டும் இல்லை. 1968-69 கோல்டன் குளோப், தனி ஆளாக நிற்காமல் உலகைச் சுற்றும் முதல் பந்தயம். வேகமாக முடிப்பவருக்கு 5,000 பவுண்டு. டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வருவதாகப் பொய்யான இருப்பிடங்களை வானொலியில் அனுப்பினார். அவர் பின்னாலேயே நெருங்கி வருகிறார் என்று நம்பிய நைஜல் டெட்லி, ஏற்கெனவே அடி வாங்கியிருந்த தன் படகை விரட்டினார். 1969 மே மாதம், ஊர் திரும்பக் கொஞ்ச தூரமே இருக்கும்போது, படகு உடைந்து மூழ்கியது. அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஜூலையில் க்ரோஹர்ஸ்டின் படகு ஆளில்லாமல் மிதந்தபடி கிடைத்தது. அவர் திரும்பவே இல்லை. பந்தயத்தை முடித்த ஒரே ஆளான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அந்த 5,000 பவுண்டை க்ரோஹர்ஸ்டின் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

க்ரோஹர்ஸ்டைத் திட்ட எனக்கு மனம் வராது, கடனும் தனிமையும் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பது அவர் குறிப்பேடுகளில் தெரிகிறது. ஆனால் டெட்லியை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். அந்தப் பொய் இல்லாவிட்டால் அவர் மெதுவாகவே ஓட்டியிருப்பார், பரிசோடு வீடு வந்திருக்கலாம்.

சென்னையில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கும் இதே விதிகளா?

அதே விதிகள்தான். சென்னைப் படகோட்டி நேத்ரா குமணன் ஒலிம்பிக்கில் ஓட்டியதும் அதே புத்தகப்படி, துறைமுகத்துக்கு வெளியே சின்னப் படகில் கற்றுக்கொள்ளும் பத்து வயதுக் குழந்தையும் அதே புத்தகப்படி. சின்னப் படகுகளில் அதிகம் மாட்டுவது உடம்பை ஆட்டியும் பாயை அடித்தும் படகைத் தள்ளுவது. நீர்மேல் நடுவர் விசில் ஊதி மஞ்சள் கொடி காட்டினால் இரண்டு சுற்று, அதே ரெகாட்டாவில் இரண்டாம் முறை என்றால் அந்த ரேஸிலிருந்தே விலகல். படிப்படியாக ஏறும் இந்த முறையைத் தொழில்முறைப் போட்டிகளும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தடை முடிந்து திரும்பி வருபவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டும். டி ரிடர் தடைக்காலம் முடிந்ததும் மீண்டும் தொழில்முறைப் படகோட்டத்துக்கு வந்தார், அது சரிதான். விதித்த காலத்தை அனுபவித்தவரிடம் அதற்கு மேல் கேட்க யாருக்கும் உரிமையில்லை. வாய்மொழியாக ஒருவரை ஒதுக்கி வைப்பது முடிவு தேதி இல்லாத தடை, மேல்முறையீடும் கிடையாது. அதே நேரம், அவர் ஏறும் படகை அளவை அதிகாரி மற்றப் படகுகளை விட ஒரு மணி நேரம் கூடுதலாகச் சோதித்தால் அதில் அவமானப்பட ஒன்றுமில்லை, இரண்டாம் முறை என்றால் குறைந்த தண்டனை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.